எழுத்துப்பிழை நீங்கலாக

திரையில் இருந்த இந்த இரண்டு விருப்பங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சாயங்காலம் வீட்டில் ஒரு மகள்தான் இருப்பாள் என்று அவள் நினைத்தாள்.

கணினிகளை இயக்கும் மென்பொருளின் அடுத்த பதிப்பில் என்னென்ன வேண்டும் என்று ஜனங்கள் எழுதி அனுப்புவதைப் படித்துப் பிரிப்பது அவள் வேலை. எழுத்து பெரிதாக வேண்டும். திரையில் மூடிய ஜன்னல் மூடிய இடத்திலேயே மறுபடி திறக்க வேண்டும். என் கணினியில் இருக்கும் கோப்பைத் தேடச் சொன்னால் ஊர் உலகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டக் கூடாது. ஒரே விருப்பத்தை இருவர் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பொதுவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவார்கள். சென்ற பதிப்பு வந்ததிலிருந்து, விருப்பங்களோடு அவற்றை எழுதிய ஆட்களும் ஒரே ஆளாகச் சேர்ந்துபோனார்கள். கடைத்தெருவில் எதிரெதிரே இருந்த தையல்காரரும் பல் டாக்டரும் எழுத்து பெரிதாக வேண்டும் என்று கேட்டவர்கள். ஒருநாள் காலையில் ஒரே ஆளாக வந்து இரண்டு கடையையும் திறந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது மூக்குக்கண்ணாடியும் வாயும்தான். அதனால் அவருக்குத் துணி தைக்கவும் வரவில்லை, பல் பிடுங்கவும் வரவில்லை. இரண்டு கடையிலும் மாறி மாறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எடை மட்டும் இரண்டு ஆள் எடை. ஊர் முதலில் பதறியது, பிறகு பஸ் கட்டணம் ஏறினால் பழகிக்கொள்வதுபோல் பழகிக்கொண்டது. பதிப்பு தள்ளிப்போகக் கூடாது என்பதால் அலுவலகத்தில் வேலை நிற்கவில்லை. அனுப்பியவர் யாரென்று பார்க்காமல் சேர்ப்பதற்கு எல்லாரும் கண்ணைப் பழக்கிவைத்திருந்தார்கள்.

அவர்கள் மேலாளரே அப்படி இருவர் சேர்ந்தவர்தான். பட்டியலை வெட்டிக் குறைப்பதில் கெட்டிக்காரர், அதனால் கத்திரி என்று பெயர். அந்த இருவரில் ஒருவர் பாடிக்கொண்டே நடப்பவர். ஆள் வருவதற்கு முன் பாட்டு வரும். இன்னொருவருக்குப் பாடவே வராது. இப்போது அவர் வருவது தரை அதிர்வதில்தான் தெரியும்.

அவள் முன்னால் இருந்த இரண்டு விருப்பங்களும் அவள் வீட்டுக் கணினியிலிருந்து வந்தவை. "நான் எழுதும்போது என்னைக் கேட்காமல் அணைந்து மறுபடி தொடங்கக் கூடாது" என்றது ஒன்று. அது பெரியவள். எழுதியதெல்லாம் அழிந்துபோன அன்று சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவள். "நாண் வரையும்போது என்ணைக் கேட்காமல் அணையக் கூடாது" என்றது மற்றது. எந்த 'ன' எங்கே வரும் என்பது சின்னவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. படம் போனபோது அவள் கணினியைக் கண்டபடி திட்டிவிட்டு அக்காவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

தரை அதிர்ந்தது. "என்னம்மா, இன்னும் இதுலயே நிக்கறீங்க?" என்று கத்திரி குனிந்து படித்தார். "எழுதறதா இருந்தா என்ன, வரையறதா இருந்தா என்ன? எழுத்துப்பிழையை எடுத்துட்டா அச்சு அசலா ஒண்ணுதான்."

"எம் பொண்ணுங்க சார்."

"அதனால? ஊர்ல எல்லாருக்கும் நடக்கறதுதானே." அவர் குரல் இதமாகத்தான் இருந்தது. "என்னையே பாருங்க. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"முன்னாடி நீங்க பாடுவீங்க சார்."

"நானா? நல்லா இருக்கே கதை!" என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வாய் சற்று நேரம் திறந்தபடியே இருந்தது, எதற்காகத் திறந்தோம் என்று அதற்கே தெரியாததுபோல. பிறகு மூடிக்கொண்டது. "எனக்குப் பாடவே வராதேம்மா."

தன் பெண்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தன்னுடைய மூக்கு. அவர்கள் அப்பாவின் கோணல் கட்டைவிரல். பல்லி என்றால் பயம். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தி சோபா அமுங்க உட்கார்ந்திருப்பாள், "போம்மா" என்பாள். அவளையும் கொஞ்சுவோம், தலை வாரிவிடுவோம், கொஞ்ச நாளில் யாரைத் தேடுகிறோம் என்பதும் மறந்துபோகும்.

"இந்த ரெண்டும் என் பேர்ல இருக்கற வரைக்கும் வேற யாரும் தொட முடியாதில்ல சார்?"

"முடியாது. ஆனா ஒருநாள் லீவு போட்டாலும் பக்கத்து சீட்டுக்குப் போயிடும், அவங்க சேர்த்துடுவாங்க. வேலையை விட்டாலும் போயிடும்." அவர் நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்: "இதைக் கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலேயே கிழவி ஆகப் போறீங்களா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆகறேன் சார்" என்றாள்.