மூன்று வாங்கிய கடன்

1

இந்தக் கதை பிறந்தது என் கோபத்தில். இவருடைய அண்ணன் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ஏண்டா, மாஸ்டர் டிகிரி வரைக்கும் படிச்சு, ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்கவா போற?" இவர் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தேன்.

"இவர்" என்பது என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தாண்டியவர், கதவு நிறையும் உடம்பு. மாலை வகுப்புக்குப் போய்த் தொடக்கக் கல்வியில் முதுகலைப் பட்டமும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் உரிமமும் வாங்கியவர். முடிவை இப்போதே போட்டு உடைத்துவிட்டேனே என்கிறீர்களா? முடிவு அது இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை கொட்டிய ஒரு மாலையில், கிரீஸ் படிந்த கைகளோடு அவர் கல்லூரி வாசலில்..."

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த இவர் குறுக்கிட்டார். "மழையெல்லாம் பெய்யல. கையைக் கழுவிட்டுத்தான் போனேன்."

"படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் பாவமா இருக்க வேணாமாங்க?"

"எதுக்குப் பாவம்? ஜாலியா இருந்துச்சு. வகுப்பு முழுக்கச் சின்னப் பொண்ணுங்க. நான் உள்ள போனதும் எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லிட்டாங்க, நான்தான் வாத்தியார்னு நினைச்சு."

அந்த நொடியிலேயே தான் ஓர் ஆசிரியர் என்று அவர் உள்ளுக்குள்... [இல்லை. வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சுக்கு ஓடினாராம்.]

3

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. லிஃப்டில் ஒரு திருகு தளர்ந்தாலும் ஆபத்து. அதனால் எதையும் வரிசை மாறாமல் செய்து பழகிய மனிதர். பிள்ளைகள் வரிசைக்கு அடங்குவார்களா?

உரிமம் வேண்டுமென்றால் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். இவர் எழுதிவைத்த திட்டம் இம்மியும் பிசகாமல் பாடம் நடத்தினார். தோற்றுப்போனார்.

"பிள்ளைங்க ஒருத்தருமே வராம இருந்திருந்தாலும் உங்க பாடம் இப்படியேதான் நடந்திருக்கும்" என்றாராம் மதிப்பீட்டாளர் அம்மாள்.

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு, "சரியாத்தான் சொல்றாங்க" என்றார். அழுதார்.*

* இந்த ஒரு சொல்லை அடிக்கப் போனேன். "இருக்கட்டும், அழுதேன்ல" என்றார்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

4

அதே அம்மாள். இரண்டாம் வகுப்பு. கரும்பலகையில் நாற்பத்து மூன்றிலிருந்து பதினெட்டைக் கழிக்க வேண்டும். "மூணுலேர்ந்து எட்டு போகாது. அதனால பக்கத்துல இருக்கிற நாலுகிட்ட கடன் வாங்குவோம்" என்றார் இவர். நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "சார், மூணு அந்தக் கடனை எப்ப திருப்பிக் குடுக்கும்?"

இவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை. [இங்கே மதிப்பீட்டாளரின் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். இவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையாம்.] திட்டத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"தெரியலையேம்மா. எல்லாரும் பென்சிலோட தரைக்கு வாங்க, கண்டுபிடிப்போம்."

பத்துப் பத்தாகக் கட்டினார்கள். ரப்பர் பேண்டு போதவில்லை. சிறுமிகள் தலைமுடியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். மூன்று உதிரியை எடுத்து வைத்ததும், நாலாவது கட்டுக்கு ஒரு பென்சில் குறைந்தது. அந்தச் சிறுமி நேரே பின்னால் போய்க் கையை நீட்டினாள். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கொடுத்துவிட்டார்.

நாலு கட்டு, மூன்று உதிரி. "இப்ப எனக்குப் பதினெட்டு வேணும்" என்று இவர் கையேந்தினார். ஒரு கட்டைக் கொடுத்தார்கள். மிச்சம் எட்டுக்கு மூன்று உதிரி எப்படிப் போதும்? கசமுசவென்று பேச்சு. அந்தச் சிறுமியே இன்னொரு கட்டைப் பிரித்தாள். பிரித்தவள் கத்தினாள்:

"சார், இது கடனே இல்ல! நம்ம கட்டைத்தான் நாமளே பிரிச்சிருக்கோம்! யாருக்கும் திருப்பிக் குடுக்க வேணாம்!"

மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. மதிப்பீட்டாளர்தான் எழுந்து வந்தார்.

"சார், என் பேனாவை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. பாஸ்னு எழுதணும்."

5

முடிவுக்கு வருவோம்.

ஒன்று: பட்டமளிப்பு மேடை. அங்கி இவருக்கு முட்டியோடு நின்றுவிட்டது. சக மாணவிகள் அத்தனை பேரும் "அண்ணா!" என்று கத்தியதில் அரங்கமே திரும்பிப் பார்த்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையோடு முடிந்துவிட்டால், படித்தது எதற்கு?

இரண்டு: இவருடைய அண்ணன் மன்னிப்புக் கேட்கிறார். [கேட்கவில்லை. இதுவும் போச்சு.]

மூன்று: வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் கூடப் போனேன். பள்ளிக் காவலாளி தடுத்தார். "பெத்தவங்க கேட்டோட நின்னுக்கணும்மா."

"நான் வாத்தியார் சம்சாரங்க."

"யாரா இருந்தாலும்."

கதை எழுதுகிறவளுக்கும் விதிவிலக்கு இல்லை போலிருக்கிறது. நேர் எதிரே வகுப்பு. இவர் நிலைப்படி இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். கதவு மூடியது. நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பிறகு வகுப்பு மொத்தமும் குபீரென்று சிரித்தது.

என்ன சொன்னார்? கேட்டால் சொல்லுவார். கேட்கப் போவதில்லை. அந்த அறை இனி அவருடையது, அவர்களுடையது. முடிவு வேண்டுமென்பவர்கள் கதவைத் தட்டிப் பாருங்கள். தரையில் இடம் இருந்தால் உட்காரச் சொல்லுவார்.