பக்கத்து அறையின் சிரிப்பு

அல்ஜீரியாவின் ஒரான் நகரத்தில், பெண்கள் சங்கக் கட்டடத்தில் வசீலாவுக்கும் ஹூரியாவுக்கும் அடுத்தடுத்த அறைகள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்த உளவியலாளர்கள். மூச்சைக் கவனித்து மனதை நிதானப்படுத்தும் பயிற்சியை இருவருமே கற்றுத் தந்தார்கள். எந்தப் பயிற்சி யாருக்குப் பலன் தருகிறது, யாருக்குத் தருவதில்லை என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் வசீலா. ஆனால் பெண்கள் ஹூரியாவின் அறையில்தான் இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வசீலாவிடம் நாலு பேர்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் வசீலாவுக்கு வயிறு எரியும். சொந்தத் தங்கை ஜமீலாவே அங்கே மாறிப் போனது அந்த எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியது.

"என்கிட்ட இல்லாதது அங்க என்னடி இருக்கு?"

"புதினா டீ இருக்கு," என்றாள் ஜமீலா. "அப்புறம், அவ சிரிப்பா. நீ பரீட்சை ஹால்ல காவல் நிக்கிற மாதிரி நிக்கிற. எனக்கு மூச்சே வரமாட்டேங்குது அக்கா."

ஒரு வியாழக்கிழமை மதியம் ஹூரியா கதவைத் தட்டாமலே உள்ளே ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"ஸுலைகாவுக்கு உடம்பெல்லாம் நடுங்குது. கண்ண மூடச் சொன்னேன், அவ்வளவுதான். நீ கொஞ்சம் வா."

ஸுலைகா யாரென்று வசீலாவுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில், கண்ணெதிரே அண்ணனைப் பறிகொடுத்தவள். தெரிந்தும் வசீலாவின் நெஞ்சில் முதலில் இனித்தது. 'உன் வகுப்புதானே, நீயே பாத்துக்கோ' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஸுலைகாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"ஸுலைகாக்கா, கண்ணத் திறங்க. மூச்ச இப்ப கவனிக்க வேண்டாம். பாதத்தத் தரையில அழுத்துங்க. ஜன்னல்ல என்ன தெரியுது?"

"துணி... காயுது."

"என்ன நிறம்?"

"நீலம். ஒண்ணு கிழிஞ்சிருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. அப்போது ஹூரியா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "சிலருக்குக் கண்ண மூடுறது ஆகாதுன்னு இவ போன வருஷமே சொன்னா. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது."

அந்தப் பாராட்டு வசீலாவை இன்னும் சுட்டது. தவற்றை ஒப்புக்கொள்வதில்கூட ஹூரியா அழகாக இருந்தாள்.

பெண்கள் கலைந்த பிறகு வசீலா சொன்னாள்: "நீ ஓடி வந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"உன் முகத்தப் பாத்தேன்," என்றாள் ஹூரியா. "கோபம் வந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா நீ வந்துட்ட."

அடுத்த வாரம் ஸுலைகா வசீலாவைத் தேடி வந்து, கைகளைப் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு, "எனக்கு அங்கதான் சிநேகிதிங்க இருக்காங்க. இனிமே கண்ணத் திறந்தே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஹூரியாவின் அறைக்குள் போய்விட்டாள்.

வசீலா தன் நாலு பேர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எனக்கு நெஞ்சு எரியுது," என்றாள். "பொறாமை. அத விரட்டாம எப்படிப் பாக்கறதுன்னு சேர்ந்தே பாப்போம்."

நாலு பேரில் மூத்தவள், "நீங்களுமா டாக்டர்?" என்று கேட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.