இரண்டு எம்.எம். சாய்வு

அழகர்சாமி மாமா தெரிந்தேதான் செய்தார். என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன், ஒளிக்க எதுவுமில்லை.

திருவெறும்பூர் பட்டறையில் அவர் ஃபிட்டர், இருபத்தாறு வருஷமாக. நான் தரம் பார்க்கும் இன்ஜினியர், ஐந்து மாதமாக. இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் வேலை நிரந்தரம். என் அப்பா மருதை ஒரு காலத்தில் மாமாவிடம் ஹெல்ப்பர். முதலாளி பிராங்க்ளின் சாரிடம் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தியதே மாமாதான்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு தாங்கிகள். அடித்தகட்டின்மேல் இன்னொரு தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். மாமா லேசாகப் பற்றவைத்து நிறுத்தியிருந்தார்; மாலையில் வெல்டர் முன்பக்கம் முழுதாக வெல்டு அடிப்பார். மூலை நேராக இருக்கிறதா என்று மூலமட்டம் வைத்துப் பார்த்தேன். எல்லாமே இரண்டு எம்.எம். பின்பக்கம் சாய்ந்திருந்தன.

“என்ன மாமா, கண்ணாடி மாத்தணுமா? டிராயிங்ல தொண்ணூறு டிகிரி போட்டிருக்கு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

“நேராக்கிடவாங்க மேடம்?”

அதுவரை நான் ‘பாப்பா’. மேடம் என்றதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“ஆமா, நேராக்குங்க.”

மறுநாள் காலை பன்னிரண்டும் முன்பக்கம் குனிந்து நின்றன. ஆறும்போது வெல்டு தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் அவர் எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்திருந்தார். காலேஜ் பரீட்சையில் இதே கேள்விக்குப் படம் போட்டு மார்க் வாங்கியவள் நான். கண்ணெதிரே நின்றபோது தெரியவில்லை.

“ஏன் மாமா சொல்லல?”

“நீ கேட்டியா? மருதை பதினோரு வருஷம் எங்கிட்ட இருந்தான், ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. அவன் மக நாலு பேர் முன்னாடி எனக்கு மட்டம் வச்சுக் காட்டுது. படட்டும்னு விட்டேன்.”

“என் வேலை போயிடும்னு தெரியுமில்ல?”

“படிச்சிருக்கியே, வேற கிடைக்காதா?”

பிராங்க்ளின் சார் அறிக்கை கேட்டார். இரண்டே வரி எழுதினேன்: ‘நேராக்கச் சொன்னது நான். வளையும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் அழகர்சாமி.’

படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

“ரெண்டாவது வரிய அடிச்சிடும்மா. ஃபிட்டர் கோவிச்சுக்கிட்டுப் போனா பட்டறை நின்னுடும். இன்ஜினியர் வேலைக்கு நேத்து மட்டும் நாப்பது பேர் எழுதிப் போட்டிருக்கான். அடிச்சீன்னா இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்.”

ஜன்னலுக்கு வெளியே மாமா பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேர்ந்த முதல் நாள் தன் முட்டையை என் தட்டில் வைத்தவர்.

“முதல் வரி உண்மைன்னா ரெண்டாவதும் உண்மைதான் சார்.”

அடிக்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றித் தாள்மேல் வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

நடந்த எல்லாவற்றையும் அப்பா கேட்டு முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“கிளம்பறப்ப மாமாகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தியாம்மா?”