தேவிகாவின் மகள் கீழே இறங்கிய நாள்

ஆண்டர்சன்பேட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரியில், தேவிகாவின் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் காலை மெத்தையை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி அங்கேயே நின்றது. அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை நாள். வார்டில் பாதிப் பேர் குடங்களோடு கீழே போயிருந்தார்கள், அதனால் முதலில் பார்த்தது நர்ஸ் ரெபேக்காதான். அவள் குழந்தையின் மூச்சை எண்ணினாள், நிறத்தைப் பார்த்தாள். இரண்டும் சரியாக இருக்கவே, மேலே இருந்த வெப்ப விளக்கைக் குழந்தை உயர்ந்த அளவுக்கு உயர்த்தி வைத்தாள். காலில் ஒரு துணி நாடாவைக் கட்டி மறுமுனையைத் தொட்டில் கம்பியில் முடிந்தாள். பிறகு டாக்டர் டென்சிலுக்குப் போன் போட்டு, "டாக்டர், அந்த ஏழு மாசத்துக் கொழந்த மெதக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள்.

தேவிகா பக்கத்திலிருக்கும் பாலகாட் பகுதிக்காரி. கணவன் சரத், மண்வாரி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்த வெல்டர். குழந்தை ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்ததால் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த வெப்பத் தொட்டிலில் வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டிலின் மெத்தைக்கு அடியிலேயே எடை பார்க்கும் கருவி உண்டு. குழந்தையைத் தூக்காமலே எடை திரையில் தெரியும். முதல் நாள் திரையில் குழந்தையின் எடை ஒழுங்காகத்தான் தெரிந்தது. மறுநாள் கொஞ்சம் குறைந்தது. பிறந்த குழந்தைகள் இளைப்பது வழக்கம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் சைபர் காட்டியது. பிரசவ அறையில் இருந்த பழைய தராசில் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சைபர்தான். கையில் ஏந்தினால் ஊதுபத்திப் புகையைப் பிடிப்பதுபோல இருந்தது என்று ரெபேக்கா பிற்பாடு சொன்னாள்.

தொட்டில் செய்யும் பெங்களூர் கம்பெனிக்குப் பேசியதில், மெஷினை நிறுத்தி மறுபடி போடச் சொன்னார்கள். ரெபேக்கா சுவிட்சை அணைத்ததும் குழந்தை சட்டென்று மெத்தையில் விழுந்தது. நான்கு விரற்கடை உயரம்தான், ஆனால் அவ்வளவு சின்ன உடம்புக்கு அது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். உதடு நீலம் பாரித்து மூச்சு நின்றது. டென்சில் இரண்டு விரலால் மார்பை அழுத்தி, பலூனால் காற்று ஊட்டி மூச்சைத் திரும்ப வாங்கினார். இதற்குள் யாரோ பதறிப்போய் சுவிட்சைப் போட்டுவிட, குழந்தை மூச்சு விட்டபடியே மெல்ல மறுபடி எழும்பிப் பழைய இடத்தில் நின்றது. டாக்டர் சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, இனிமேல் இதை யாரும் தொடக் கூடாது என்றார். கம்பெனிக்காரர்களிடம், உங்கள் மெஷினுக்குள் புரோகிராம் எழுதியது யார், அவரை அனுப்புங்கள் என்று கேட்டார். கம்பெனி கொடுத்த முகவரி பக்கத்து ராபர்ட்சன்பேட்டையிலேயே இருந்தது.

அந்த முகவரிக்காரி பியூலா, இருபது வருஷம் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் வந்தவள். கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அவள் இருந்த பிரிவைக் கம்பெனி ஒரே வெள்ளிக்கிழமையில் மூடியபோது, இந்த வயதில் தன்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அப்போது இந்தத் தொட்டில் கம்பெனி கூப்பிட்டது. அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த புதிய சிப்பு உலகத்திலேயே கிடைக்காமல் போயிருந்தது. கிடங்கில் பழைய ரகச் சிப்புகள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அந்தப் பழைய சிப்பில் ஓடும்படி மாற்றித் தர வேண்டும். பியூலா மாற்றித் தந்தாள். தன் ஊர் ஆஸ்பத்திரிக்கே அந்தத் தொட்டில் வந்தது என்று தெரிந்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் போனில் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லாமல் ஆட்டோ ஏறினாள்.

வார்டுக்குள் போனவள் குழந்தையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். தேவிகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யார் என்று தெரிந்ததும் திட்டுவாள் என்று பியூலா காத்திருந்தாள்.

"நீங்கதான் மெஷினுக்கு எழுதனவங்களா? ஒக்காருங்க மேடம், நின்னுக்கினே கீறீங்களே."

"என் தப்புதாம்மா இது. எங்கேன்னு தெரியல, ஆனா என்னோடதுதான்."

"இன்னா தப்பு? இங்க வந்து பாருங்க." தேவிகா அவள் கையைப் பிடித்துத் தொட்டிலுக்கு அருகே இழுத்தாள். "போன வருசம் ஒண்ணு பொறந்துச்சு, இதே மாதிரி ஏழு மாசம். வேற எடத்துல. ஒரு வாரந்தான் இருந்துச்சு. பெட்டுல பட்ட எடமெல்லாம் தோலு உரிஞ்சி வந்துடுச்சு மேடம், ஈரக் காயிதம் மாதிரி. இவ முதுகப் பாருங்க. ஒரு கீறல் கெடையாது."

பியூலா குனிந்து பார்த்தாள். ரோஜா நிறத்தில், நரம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய முதுகு, எதையும் தொடாமல் காற்றில் இருந்தது. தேவிகா சொன்னது உண்மைதான். ஆனால் டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் மறுபாதியைச் சொன்னார். குழாய் வழியாக விடும் பால் வயிற்றில் தங்காமல் மேலேறி வந்துவிடுகிறது, எடையில்லாத உடம்பில் எதுவும் கீழே இறங்குவதில்லை. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதோடு குழந்தை தினமும் ஒரு நூல் உயரம் ஏறிக்கொண்டே போகிறது. "இறக்கணும். ஆனா விழக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தா என்னால காப்பாத்த முடியாது" என்றார்.

பியூலா வீட்டுக்குப் போய் லேப்டாப்பையும் பழைய ரகச் சிப்பு பொருத்திய ஒரு பலகையையும் எடுத்துவந்து தொட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்தாள். ஒரே கணக்கை லேப்டாப்பிலும் பலகையிலும் ஓடவிட்டு விடைகளை அச்சிட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுபோலத்தான் வந்தது. மறுநாளும் அப்படியே. ரெபேக்கா டீ கொண்டுவந்து வைப்பாள், ஆறியபின் எடுத்துப் போவாள். சரத் ஷிப்ட் முடிந்து நேராக வருவான், ஒயர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பலகை மேஜையிலிருந்து சரிவதைப் பார்த்து, மறுநாள் அதற்கென்றே ஒரு இரும்பு ஸ்டாண்டு வெல்டு செய்து கொண்டுவந்து நட்டுவைத்தான். பியூலா எதிரே குழந்தையின் காலில் கட்டிய நாடா அசையும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். பயமாக இருந்தது. ஆனால் அந்த வார்டில் யாரும் அவளைக் குற்றவாளியாக நடத்தாதது பயத்தைவிடப் பெரிய பாரமாகவும், அதே சமயம் பிடித்து நிற்க ஒரு கம்பியாகவும் இருந்தது.

அச்சிட்டுப் பார்ப்பதில்தான் ஏமாந்துபோகிறோம் என்று மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. திரையில் காட்டும்போது எண்ணைச் சில இலக்கங்களோடு வெட்டிக் காட்டுகிறோம், வெட்டிய பிறகு எல்லா எண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிப்புக்குள் அந்த எண் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே, ஒன்றும் சைபருமாக எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தாள். லேப்டாப்பில் நீளமாக இருந்த எண் பலகையில் பாதிதான் இருந்தது. பாடப்புத்தகத் தமிழில் மிதவைப் புள்ளி எண் என்று சொல்வார்களே, அந்தத் தசம எண்களை வைக்கப் புதிய சிப்பில் பெரிய அறை உண்டு. பழைய சிப்பில் அதே பெயர்ப் பலகை மாட்டிய சின்ன அறைதான். பெரியதைக் கேட்டாலும் சின்னதையே கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் இருந்துவிடும். ஏழு இலக்கத்துக்குமேல் அதற்கு நினைவு நிற்காது.

மற்றது தானாக விளங்கியது. குழந்தை கை காலை உதைக்கும் என்பதால் புரோகிராம் ஒரு தடவை பார்த்த எடையை நம்புவதில்லை. பார்த்த எடையையெல்லாம் கூட்டிக்கொண்டே போய், எத்தனை தடவை பார்த்ததோ அதால் வகுத்துச் சராசரியைச் சொல்லும். ஒரு நாளிலேயே மொத்தம் மலையாகிவிட்டது. அதற்குமேல் வந்த ஒவ்வொரு எடையும் அந்த மலையின் பக்கத்தில் கடைசி இலக்கத்துக்கும் கீழே போய் விழுந்து, கூட்டியும் கூட்டப்படாமல் போனது. மொத்தம் நின்றுவிட்டது, வகுக்கும் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் சராசரி தேய்ந்து சைபருக்குப் போனது. கரண்ட் போய் வந்தாலும் கணக்கு அழியக் கூடாது என்று அதை நினைவகத்தில் எழுதிவைக்கவும் பியூலாதான் ஏற்பாடு செய்திருந்தாள். மற்றக் குழந்தைகள் அரை நாளில் தொட்டிலைவிட்டு அம்மாவிடம் போய்விடும். இரண்டு நாளுக்குமேல் அதில் படுத்திருந்த முதல் குழந்தை இதுதான். தன்னை யாரும் கணக்கில் சேர்க்காததால் அது எழும்பிவிட்டது.

கம்பெனிக்காரர் போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டார். மொத்தத்தையும் எண்ணிக்கையையும் சைபராக்கிவிடுங்கள், ஒரே வரி வேலை, பத்து நிமிஷம் என்றார். பியூலா வேண்டாம் என்றாள். சைபராக்கினால் எடை முழுதும் ஒரே நொடியில் திரும்பி வரும், குழந்தை அன்றுபோல விழும். அவர் கடைசியில் உங்கள் இஷ்டம் என்று போனை வைத்துவிட்டார். அவள் இன்னொரு வழியை எடுத்தாள். கூட்டும்போது விழுகிற துணுக்கை எறியாமல் தனியாக ஓர் இடத்தில் வைத்துக்கொள்வது, அடுத்த தடவை கூட்டும்போது முதலில் அதைச் சேர்ப்பது. அந்த இடத்துக்கு 'மிச்சம்' என்று பெயர் கொடுத்தாள். தான் கொண்டுவந்திருந்த பலகையில் புதிய புரோகிராமை ஏற்றி, பழைய மொத்தத்தையும் எண்ணிக்கையையுமே அதற்கும் கொடுத்தாள், அப்போதுதான் எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

மாற்றும் நாள் காலை ரெபேக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தைக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். டென்சில் பலூனோடு நின்றார். சரத் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான். பியூலா தொட்டிலின் பழைய பலகையை நிறுத்தாமல், ஒயர்களை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னா மேடம், எறங்குவாளா?" என்றான் சரத்.

"அவ நேரத்துக்கு எறங்கட்டும்ப்பா. அவசரப்படுத்தக் கூடாது."

வெயில் ஜன்னலுக்கு வந்தபோது ரெபேக்கா, "கையில ஏதோ படுது" என்றாள். பூ ஒன்று வைத்ததுபோல இருக்கிறது என்றாள். திரையில் ஒரு கிராம் தெரிந்தது. அப்புறம் அது பாட்டுக்கு ஏறியது. ரெபேக்காவின் கை மரத்துப்போனபோது தேவிகா மாற்றிக்கொண்டாள், அவள் களைத்தபோது பியூலா. அந்த எடை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உள்ளங்கையில் வந்து சேர்வதை அவள் உணர்ந்தாள். முதலில் சூடு, பிறகு ஈரம், பிறகு எலும்பு. சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தபோது குழந்தை மெத்தையில் முதுகைச் சாய்த்து, முகத்தைச் சுளித்து, உரக்க அழுதது. இரவு விட்ட பால் வயிற்றில் தங்கியது. தேவிகா பியூலாவின் புறங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பியூலாவுக்குச் சொல்ல வந்ததெல்லாம், நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும், என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், தங்களுக்குக் கிடைத்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், ஒருபோதும் எழுந்திராத பியூலா எழுந்தாள். "ஒரு கொழந்த கீழ எறங்கினதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். சபையார் ஆமென் சொன்னார்கள். அடுத்தவர் தன் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததைச் சொன்னார்.

புதிய புரோகிராம் எல்லாத் தொட்டில்களுக்கும் போனது. 'மிச்சம்' என்பதை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லிக் கம்பெனியிலிருந்து இரண்டு முறை எழுதினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தேவிகாவின் மகள் இப்போது பாலகாட் அங்கன்வாடியில் அடுத்த பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் திட்டு வாங்குகிறாள். குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அதே வாரம் டென்சிலும் தலைமைக் கன்னியாஸ்திரியும் பியூலாவைத் தேடி வந்து, தோல் முற்றாமல் பிறக்கும் குழந்தைகளுக்காக ஒரு தொட்டிலில் மட்டும் பழைய கணக்கையும் வைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நரம்பில் ஏறும் குளுக்கோஸே போதும் என்கிற முதல் நாட்களில் மிதக்கட்டும், பிறகு மிச்சத்தைச் சேர்த்து மெல்ல இறக்கிக்கொள்ளலாம். பியூலா ஒரு திருகுச் சுவிட்சு வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு முல்பாகலிலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் அந்தத் தொட்டிலுக்கென்றே குழந்தைகள் வருகின்றன. ஆறு மாசத்தில் பிறந்த குழந்தைகூட அதில் பிழைத்திருக்கிறது. டாக்டர் காலை வார்டு சுற்றும்போது, இது மேலேயே இருக்கட்டும், அது இறங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போவார்.

போன மழைக்காலத்தில் குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், பிரசவ மயக்கம் தெளிந்து திரும்பிப் பார்த்து, தன் குழந்தை காற்றில் படுத்திருப்பதைக் கண்டு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். ரெபேக்கா அவள் தோளை அழுத்திப் படுக்கவைத்தாள். "ஒண்ணும் இல்லமா, தூங்கிக்கினு கீது. நேத்து இன்னும் கொஞ்சம் மேல இருந்துச்சு. நீ கஞ்சியக் குடி" என்றாள். அந்தத் தாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கஞ்சிக்கு உப்பு கேட்டாள்.