யாழ் நிற்கும் இடம்

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் குளியலறையில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மலையுச்சியில் கிடைக்கிறதாம். எனக்கு வாளிக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவில். எங்கள் கட்டடத்தில் நான்கு மாடிக் குளியலறைகளுக்கும் ஒரே காற்றுக்குழாய். மூன்றாவது மாடியில் தும்மினால் முதல் மாடியிலிருந்து நான் 'நூறு ஆயுசு' சொல்லலாம். ஒட்டுக்கேட்பது என்பார்கள் சிலர். தகவல் சேகரிப்பு என்பேன் நான்.

மேலே இருப்பவள் பல் டாக்டரிடம் நர்ஸ். தனியாள். (தனியாள்தான். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டேன்.) பழைய சிற்பமொன்றைப் பார்த்துத் தச்சர் செய்து கொடுத்த யாழ் ஒன்று அவளிடம் உண்டு. மாலை ஆறு மணிக்கு அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகக் கூடாதென்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். பாவம், கெட்டிக்காரி.

வாசிப்பது எண்ணூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனைப் பாட்டாம். முதல் பகுதி ஏறும். இரண்டாவது சுழலும். மூன்றாவது, தேய்ந்து தேய்ந்து கீழே இறங்கும். அங்கே சட்டென்று நின்றுவிடும். தினமும். அதே இடத்தில்.

2

என் நாவலின் முதல் வரைவு: 'பனி மூடிய கோட்டையின் ஏழாம் வாசலில், விழிகள் நிறைய'

(நிறைய என்ன? தூசியா? விட்டுவிட்டேன்.)

இரண்டாம் வரைவு: 'மன்னன் மாண்ட அன்று யாழ்க்காரியின் யாழின்மேல் சாபம் விழுந்தது. பாட்டு முடிந்தால் கோட்டை வாசல் திறந்துகொள்ளும். எதிரி உள்ளே வருவான். ஆகவே முந்நூறு ஆண்டுகளாக அவள் பாட்டை முடிக்கவே இல்லை.'

இது நன்றாக இருக்கிறது. நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் சொல்வதாகக் காணோம். என் வீட்டுக்காரர் அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குக் குறிப்பட்டை எழுதுகிறவர். நூறு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மிளகாய்ப்பொடி எதுக்குத் தூவுறா?"

"எதிரி கண்ணுல."

"அந்தக் காலத்துல மிளகாய் நம்ம பக்கம் வரவே இல்ல. மிளகுன்னு மாத்து."

"எதிரி பறக்குற முதலை மேல வர்றான். அது பரவாயில்லையா?"

"அது கற்பனை. மிளகாய் தப்பு."

3

இந்த யாழ்க்காரிமேல் எனக்கே சந்தேகம் வந்தது. சாபம் சரி, ஆனால் பல் நர்ஸ் ஏன் நிறுத்துகிறாள்? காதல் தோல்வி என்று நானாக முடிவு செய்து, இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் சொல்லியும் வைத்தேன்.*

வெள்ளிக்கிழமை காலை அவளே படியில் எதிரே வந்தாள். கையில் துணி சுற்றிய யாழ்.

"என்னம்மா, காலங்காத்தால யாழைத் தூக்கிட்டு?"

"தச்சர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்னு போனேன்க்கா. கடை பூட்டியிருக்கு."

"ஏன், என்ன ஆச்சு?"

"நாளைக்கு இசைக்குழுவுல ஆள் எடுக்குறாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். முழுப் பாட்டும் வாசிக்கணும். எனக்குக் கடைசிப் பகுதி கையில நிக்கல."

"வாசிச்சா நிக்கும். யாரு தடுத்தா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். (என்னிடம் போய்.)

"கீழ யாரோ, எந்த மாடின்னு தெரியல, மூணாவது பகுதி வந்தா இரும்பைத் தரையில இழுக்குறாங்க. கர்ருன்னு. தினமும். 'போதும் நிறுத்து'ன்னு சொல்றாங்க போல. கதவைத் தட்டிச் சண்டை போடாம நாகரிகமா சொல்றாங்களேன்னு நானும் நிறுத்திடுவேன். இன்னைக்கு ஆறு மணிக்குக் கடைசியா ஒருதரம். சத்தம் வந்தா, நாளைக்கு யாழ் தச்சர் கடைக்கு." பிறகு, "உங்களுக்குத் தெரியாததா? யாருக்கா அது?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

* நான்காம் மாடி சொல்லும் கதையில் அந்தக் காதலனுக்கு இப்போது ஒரு குழந்தையும் பிறந்துவிட்டதாகக் கேள்வி. அதற்கு நான் பொறுப்பல்ல.

4

மூன்றாவது பகுதியில் சத்தம் தேயும் என்றேன் அல்லவா? தேய்ந்தால் எனக்குக் கேட்காது. ஆகவே இரும்பு ஸ்டூலைக் குழாய்க்கு நேர் கீழே இழுத்துப் போட்டு ஏறி நிற்பேன். ஏறி நின்றதும் பாட்டு நின்றுவிடும். என்னே சோகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து இரண்டு பக்கம் எழுதுவேன்.

முந்நூறு ஆண்டுச் சாபத்துக்கு மொத்தம் மூன்று கால்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு குறிப்பட்டை எழுதி ஸ்டூலில் ஒட்டினார்: 'இரும்பு முக்காலி. காலம்: நிகழ்காலம். பயன்: ஒட்டுக்கேட்டல்.'

"கிண்டல் போதும். அவ முடிச்சுட்டா என் கோட்டை திறந்துடும். நூத்தி நாப்பது பக்கம் போச்சு."

"அப்ப இழு. நாளைக்கு அந்தப் பொண்ணு போகமாட்டா. உன் கோட்டை பத்திரமா இருக்கும்."

5

முடிவு அ: ஸ்டூலை இழுக்கிறேன். நாவல் பிழைக்கிறது.

முடிவு ஆ: மேலே போய் 'நான்தான்' என்கிறேன். அப்புறம் இந்தக் கட்டடத்தில் என் எதிரில் யார் வாய் திறந்து பே

(வேண்டாம்.)

முடிவு இ: ஐந்தரை மணிக்கே ஸ்டூலைத் தூக்கிக் கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். இது வரைவு அல்ல, நடந்தது. இப்போது குளியலறை ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது பகுதி சுழன்று முடிகிறது. மூன்றாவது தொடங்கிவிட்டது. தேய்கிறது. வாளியைக் கவிழ்த்து ஏறலாம்தான். அதன் கைப்பிடி கிணுகிணுக்கும்.

கேட்கவில்லை. வாசிக்கிறாளா, நிறுத்திவிட்டாளா, என்னால் சொல்ல முடியாது. இந்தத் தெருவில் எனக்கு முடிவு தெரியாத முதல் விஷயம் இதுதான்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால், மூன்றாவது மாடி, இடப்பக்கக் கதவு. நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுப் போங்கள்; அவள் வாசலில் கிடந்தால் எண்ணிவிடுவேன்.