நாங்கள் மூன்று பேரும் ஓட்டிப் பார்த்த டிராக்டர்

டிராக்டர் வாங்க என்ன தகுதி வேண்டும்? எங்கள் குடும்பத்தில் மீசை இருந்தால் போதும். என் அண்ணனுக்கு இருக்கிறது, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு இருக்கிறது, எனக்கும் ஏதோ இருக்கிறது. ஆகவே மூன்று பேர் கொண்ட குழு தயார். பணம் மட்டும் என் மனைவியுடையது.

அந்தப் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் சரக்குத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவள் அவள். கம்பெனியை இழுத்து மூடியபோது ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான், இனி அங்கிருந்து சல்லிக்காசு வராது. புது டிராக்டர் என்றால் அந்தத் தொகை பாதி விலைக்குக்கூடக் காணாது. பழசாக, சின்னதாக, ஆனால் நட்டாற்றில் விடாததாக ஒன்று வேண்டும். வீட்டிலேயே ஒரு வண்டியை ஓட்டிச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான் என்பதைக் கவனித்தீர்களா? நாங்கள் கவனிக்கவில்லை. அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். காலையில் ஒரு பொத்தானை அமுக்குவார், சாயங்காலம் போய் மறுபடி அதே பொத்தானை அமுக்குவார். அந்த அனுபவத்தில் குழுவுக்குத் தலைவரானார். நான் ஆண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறேன். தையல் மெஷின் மோட்டாரைத் தாண்டி எனக்கு எந்த இயந்திரமும் தெரியாது, ஆனால் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

அவளுக்கு இரண்டு ஏக்கர். பீன்ஸும் மிளகாயும் போடுகிறாள். உழவுக்கு வாடகை டிராக்டர்காரரை நம்பித்தான் பிழைப்பு. எப்போது போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பார், அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'இதோ'. பெரிய நிலங்களை முடித்துவிட்டுத்தான் சின்ன நிலத்துக்கு வருவார். போன பருவத்தில் நல்ல மழை பெய்து பதினோரு நாள் கழித்து வந்தார். அதற்குள் ஈரம் காய்ந்து மண் கட்டி தட்டிப் போயிருந்தது. விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, யாரையும் எதிர்பார்க்காம நானே ஓட்டிக்கிற மாதிரி ஒரு சின்ன டிராக்டர் வாங்கிடலாம். இந்தக் காசு போச்சுன்னா அவ்ளோதான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். பாத்து வாங்கணும்."

இத்தனை சொன்னாளே, என் காதில் விழுந்தது 'பாத்து வாங்கணும்' மட்டும். பார்ப்பதற்கு நான் இருக்கிறேனே!

முதலில் ஒரு தரகரிடம் போனோம். போவதற்கு முன்னால், பெரிய மனுஷத்தனமாக, "பத்து மணிக்கு வரோம், வண்டியை ரெடியா வைங்க" என்று போன் செய்தேன். என் கடைக்கு வருகிறவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் எனக்குப் பிடிக்கும். தரகருக்கும் பிடித்திருந்தது. கண் கூசும் அளவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கனைத்துக்கொண்டு ஓடியது. அண்ணன் பானெட்டைத் தட்டிக் கொடுத்து, "ஹார்ஸ்பவர் பேசுதுடா" என்றார். என்ன பேசியது என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

மெக்கானிக் மட்டும் குனிந்து பெடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டரில் ஐந்நூறு மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. பெடல் ரப்பரோ தேய்ந்து இரும்பு பல்லிளித்தது. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, போன் பண்ணிட்டா வந்தீங்க?"

"ஆமா. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

"நல்ல மரியாதை. ஒன்பதரைக்கே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வச்சிருக்கான். இன்ஜின்ல கை வச்சுப் பாத்தீங்களா? சூடான இன்ஜின் எப்பேர்ப்பட்ட தகரடப்பாவா இருந்தாலும் ஒரே திருப்புல ஓடும். காலைல குளிர்ந்து கெடக்குறப்ப ஸ்டார்ட் ஆகுதான்னுதான் பாக்கணும். மீட்டரும் டுபாக்கூர்."

எனக்கு முகம் சுண்டிப் போனது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி மனைவியிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அடுத்த தடவை நானும் வரட்டுமா?" என்றாள்.

"நீ எதுக்கு? ஆயில், புகைன்னு அது வேற உலகம். எனக்கே இப்பத்தான் பிடிபடுது."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவளிடம் ஒரு தையற்காரன் சொன்னது இது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு மிளகாய் பறிக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அது தெரிந்துதான் போடவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வண்டிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் போய் நின்றோம். செடி நர்சரி நடத்தும் ஓர் அம்மாவுடையது. ஷெட்டில் உரமூட்டைகளுக்கு நடுவே நின்றது. பெயின்ட் வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. மெக்கானிக் இன்ஜினில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கரும்புகை வந்து உடனே தெளிந்தது. பின்னால் கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, என்னையும் அண்ணனையும் அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார். பத்து நிமிஷம் நின்றோம். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை, கலப்பையைத் தூக்கும் விசையில் பழுதில்லை என்று அர்த்தமாம். உதிரிபாகம் பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைக்கும் என்றார். விலையும் எங்கள் தொகைக்குள் அடங்கியது.

நர்சரி அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "யாரு ஓட்டப் போறது?"

அண்ணன் முந்திக்கொண்டார். "அதான் நாங்க மூணு பேர் இருக்கோமே!"

நான் திருத்தியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் மாதிரி நின்றேன். பிறகு மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு சுற்று ஓட்டினோம். அண்ணன் ஒரு பூந்தொட்டியை உடைத்தார். நான் பேரம் பேசி, தொட்டிக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. நான் பட்டியலை ஒப்பித்தேன்: டயர் அகலம் இவ்வளவு, வரிசைக்கு நடுவே போக இவ்வளவு இடம் போதும், டேங்க் இத்தனை லிட்டர். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைத் தடவினாள். இடது காலை நீட்டினாள்.

கால் கிளட்சைத் தொடவில்லை.

சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். அப்போதும் எட்டவில்லை. இன்னும் நகர்ந்தால் சீட்டிலிருந்தே விழுந்துவிடுவாள். நான் அவசரமாகச் சீட்டை முன்னால் தள்ளப் பார்த்தேன். எந்தப் புண்ணியவானோ அதை அடியோடு வெல்டிங் வைத்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் ஆறடிக்குப் பக்கம். எங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தோம். அதன் மேல் யாருடைய கால் வரப்போகிறது என்று ஒருவனும் நினைக்கவில்லை. தெருவில் பாதி ஆண்களின் கால் நீளம் என் நோட்டில் இருக்கிறது. இவளுடையது இல்லை.

அண்ணன் தாராளமாக ஒரு யோசனை சொன்னார். "இதுக்கு ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போடற? எப்ப வேணும்னாலும் எனக்கு ஒரு போன் அடி. இதோ வந்து உழுது குடுத்துடறேன்."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு மாமா. என் பன்னெண்டு வருஷத்தைக் குடுத்து இன்னொருத்தரை எதுக்கு வாங்கணும்?"

அண்ணனுக்குத் திடீரென்று பம்பை நிறுத்த வேண்டிய நேரம் ஞாபகம் வந்தது. போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை. வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லண்ணே. பெடல் மேல ஒரு இரும்புக் கட்டை வச்சுத் தரேன், நாளைக்கே முடிச்சிடலாம். எவ்ளோ எட்டலை?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் காலை நேராக நீட்டி அந்தரத்தில் வைத்துக்கொண்டாள். "கையை வச்சுப் பாருங்க."

மண்டியிட்டு, பெடலுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே கையைப் பக்கவாட்டில் நுழைத்தேன். நான்கு விரல்களும் கச்சிதமாக அடங்கின.

"நாலு விரல்" என்றேன்.

"நாலு விரலா! அன்னிக்கே அவங்களையும் கூட்டிட்டு வந்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்குமேண்ணே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனை வைத்தார்.

நான் கையை உருவப் போனேன்.

"எடுக்காதீங்க" என்றாள். பாதம் என் விரல்கள் மேல் இறங்கியது. கிளட்ச் சும்மா இறங்குகிற சாமான் இல்லை. அவள் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள், என் கையோடு சேர்ந்து பெடல் அடிவரைக்கும் போனது. கியர் கம்பியைத் தள்ளினாள். ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"இன்னும் மூணாவதும் ரிவர்ஸும் பாக்கணும்" என்றாள். "அப்படியே வச்சிருங்க."