சிடுமூஞ்சி மேடையேறினார்

சிடுமூஞ்சி என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். ஒரு துண்டு நிலமும் சில மாடுகளும் வைத்திருந்தார். பால் கறப்பதும் தயிர் தோய்ப்பதும் அவர் வேலை. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி விற்பது மனைவியின் வேலை. வாசலில் ஆள் அரவம் கேட்டாலே அவர் தொழுவத்துக்குள் நழுவிவிடுவார்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஆலையில் அடைத்து வராத பாலையும் தயிரையும் இனி யாரும் வீட்டில் விற்கக் கூடாதாம்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா புது விதிம்மா," என்றார்.

மனைவி சும்மா இருப்பாளா? கோழி வளர்க்கும் தோழியைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எங்க பொருளை உங்களுக்கு நேரா விக்கலாம்னு நகரசபை தீர்மானம் போடணும். ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஓட்டு உண்டு, கூட்டத்துக்கு வந்து கை தூக்குங்க," என்று எல்லாரையும் அழைத்தாள். பேசிப் பேசியே, கூட்டத்தன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. தலைவர் அவளைப் பேச அழைத்ததும் அவள் கணவரின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள்.

"நானா? ஏன்டி என்னை மாட்டி விடறே?"

காது சிவக்க மைக் முன்னால் போய் நின்றார்.

"எனக்குப் பேச வராது. சந்தேகம் இருந்தா தொழுவத்துக்கு வாங்க. மாட்டைப் பாருங்க, பானையை மோந்து பாருங்க. பிடிச்சா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க. நீங்க எதைச் சாப்பிடணும்னு நீங்கதானே முடிவு பண்ணணும்? அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் கத்தினார்: "இந்த மனுஷன் இவ்வளவு பேசினதுக்கே கை தூக்கலாம்யா!"

மண்டபமே சிரித்தது. கைகள் உயர்ந்தன. ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து சுத்தத்தைப் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் விடிந்ததும் தொழுவத்தில் கூட்டம். வாங்க என்று கூப்பிட்டவர் அவர்தானே! ஓட இடமில்லாமல் விழித்தார்.

"இந்தச் செவலை ஏன் என்னை முறைக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"முறைக்கலம்மா. அதோட மூஞ்சியே அப்படித்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏன் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எந்த மாட்டுக்கு எந்தப் புல் பிடிக்கும், எது உதைக்கும், எது நக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

மத்தியானம் பசியோடு சமையலறைக்குள் வந்து பானைகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி.

"நமக்கு?"

"வித்துட்டேன்," என்றாள் மனைவி, கம்மிய குரலில்.

இருவரும் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, மறுநாளைக்கு எத்தனை பானை தோய்ப்பது என்று பேசத் தொடங்கினார்கள்.